கயலுக்கு, உன் இடது காலைப் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று போனில் பாதி கேட்டும் கேட்காமலும் வைத்துவிட்டாய். புது ஆபீஸில் மெடிக்கல் செக்கப், டாக்டர் உன் இடது குதிகாலுக்கு மேலே இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டு "சின்ன வயதில் ஆபரேஷன் நடந்ததா" என்று கேட்டார், ஃபார்மில் என்ன எழுத வேண்டும் என்பதுதானே விஷயம்? ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உனக்கு இருபத்தொரு வயது ஆகிறது. "குழந்தையில் காலில் கட்டுப் போட்டிருந்தோம்" என்பதற்கு மேல் நாங்கள் உன்னிடம் எதையும் உட்கார்ந்து சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2004 ஏப்ரலில் நீ பிறந்தபோது இடது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது. குதிகால் மேலே ஏறிக்கிடந்தது. கையால் நேராக்கப் பார்த்தால் கொஞ்சம் அசையும், விட்டால் பழையபடி போய்விடும். ஆச்சி துணியை விலக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "கிரகணத்தன்னைக்கு வெளிய கிளிய வந்தியாட்டி?" என்று. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதையேதான் கேட்டார்கள். பிறகு மதுரை டாக்டர் சொன்னார், ஆயிரம் குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது, பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை, அம்மா செய்த எதனாலும் வருவதில்லை என்று. அந்தக் கடைசி வாக்கியத்தை அப்பா ஆச்சி முன்னாலேயே இன்னொரு முறை சொல்லச் சொன்னார். உன் அப்பாவின் மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பெரும்பங்கு அந்த நிமிடத்தில் வந்தது.

ஆனால் மதுரைக்குப் போவதற்கு முன்னால் எங்களுக்கு இரண்டு யோசனைகள் வந்திருந்தன. உன்னைக் குளிப்பாட்ட வந்த பாட்டி, "நல்லெண்ணெய் தேய்ச்சு தினம் உருவி விட்டா ஒரு மண்டலத்துல நேராகிரும்" என்றார். நல்ல மனுஷி, அவர் கையில் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் நிறைய. ஆனால் அவர் உருவும்போது பாதம் நேராவது போலத் தெரியும், துண்டில் சுற்றுவதற்குள் திரும்பிவிடும். இன்னொன்று நாங்கள் முதலில் பார்த்த எலும்பு டாக்டர் சொன்னது. "இப்போ ஒண்ணும் செய்ய வேண்டாம், ஒன்பது மாசம் ஆகட்டும், ஆபரேஷன் பண்ணிடலாம்." பாதத்தின் உள்பக்கமும் பின்பக்கமும் திறந்து, இறுகிய தசைநார்களையும் மூட்டைச் சுற்றியிருப்பதையும் வெட்டித் தளர்த்தி, கம்பி வைத்து நிறுத்துவது. சொந்தக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பொம்பளப் பிள்ளை, காலில் குறை என்று பேர் வருவதற்குள் முடித்துவிட்டால் நல்லது என்று பெரியப்பா பணம்கூடத் தர வந்தார்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் குழந்தை டாக்டர்தான் சொன்னார், மதுரையில் ஒருவர் மாவுக்கட்டு மட்டும் போட்டே இதைச் சரி செய்கிறார், போய்ப் பாருங்கள் என்று. அப்பா உடனே கிளம்பவில்லை. அவர் எதையும் படித்துப் பார்க்காமல் நம்பமாட்டார், உனக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, கிடைத்ததை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரஜினிக்கு அடுத்தபடி பொன்செட்டிதான்.

இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயினில் மினோர்கா தீவில் 1914இல் பிறந்தவர். கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, தோற்ற பக்கத்தில் இருந்ததால் நாட்டை விட்டு ஓடி, மெக்சிகோ போய், 1941இல் அமெரிக்காவில் அயோவா வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பாதங்களைப் பார்த்தார். விறைத்து, வலியோடு இருந்தன. பிறந்த குழந்தையின் பாதம் இன்னும் குருத்தெலும்பு, தசைநார் இழுத்தால் கொடுக்கும், அப்படியிருக்க ஏன் வெட்ட வேண்டும் என்பது அவர் கேள்வி. 1963இல் கட்டுரை எழுதினார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1996இல் புத்தகம் போட்டார். அதற்குப் பிறகு இந்த முறையைப் பரப்பியதில் டாக்டர்களுக்குச் சமமாக, இன்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட அப்பா அம்மாக்களுக்கும் பங்கு உண்டு. அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்ட குழந்தைகளை முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கு 78 பேருக்குக் கால் நன்றாகவே இருந்தது. பிறவியில் கோளாறே இல்லாதவர்களை அதே அளவுகோலில் பார்த்தபோது 85. அப்பா இந்த இரண்டு எண்களையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு பெரியப்பாவிடம் காட்டினார். பெரியப்பா, "வெள்ளைக்காரன் கால் வேற, நம்ம கால் வேற" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒரு கட்டு. பாதத்துக்கு மட்டும் இல்லை, முழங்காலை மடக்கி வைத்து விரல் நுனியில் தொடங்கி தொடை இடுக்கு வரை. டாக்டர் கட்டுப் போடுவதற்கு முன் உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கட்டை விரலால் கணுக்காலுக்கு முன்னால், வெளிப்பக்கம் துருத்தியிருக்கும் எலும்பை அணை கொடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் பாதத்தின் முன்பகுதியை மெல்ல வெளியே நகர்த்துவார். முறுக்குவது, இழுப்பது எதுவும் கிடையாது. நீ பெரும்பாலும் பால் குடித்துக்கொண்டே இருப்பாய். முதல் கட்டைப் பிரித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, பாதம் முன்னைவிட அதிகமாக மேலே பார்த்துத் திரும்பியிருப்பது போல இருந்தது. அப்படித்தான் இருக்குமாம். முதலில் பெருவிரல் பக்கத்தைத் தூக்கி உள்ளங்கால் குழியைச் சமன் செய்துவிட்டு, அப்புறம்தான் மொத்தப் பாதத்தையும் வெளியே கொண்டுவருவார்கள். குதிகால் கடைசி. இந்த வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும் என்றார்.

கத்திரி வெயில், மாவுக்கட்டு, கைக்குழந்தை. நினைத்துப் பார். எண்ணெய்க் குளியல் இல்லை, ஈரத் துணியால் துடைப்பதுதான். மூத்திரம் கட்டுக்குள் போகாமல் பார்ப்பதே ஒரு வேலை. மணிக்கொரு தரம் உன் விரல்களை அழுத்திப் பார்ப்பேன், வெளுத்துவிட்டு உடனே சிவந்தால் ரத்த ஓட்டம் சரி. விரல் கட்டுக்குள்ளே மறைந்தால் கட்டு நழுவிவிட்டது, ஓடி வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மாமா முப்பதாம் நாளுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு வந்தான். வலது காலுக்கு ஒன்று போட்டோம். இன்னொன்றை உன் ஆச்சி, கட்டின் மேலேயே போடு, போட்டோ எடுக்கலாம் என்றாள். போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது.

இப்போது உன் தழும்பு. அதைக் கேட்கத்தானே போன் செய்தாய். நான்கைந்து கட்டில் பாதம் வெளிப்பக்கம் வந்துவிட்டது. குதிகால் மட்டும் இறங்கவில்லை. பின்னால் இருக்கும் தசைநார் ரொம்ப இறுக்கம், அதை வெட்டிவிட வேண்டும் என்றார் டாக்டர். அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "கத்தி வேண்டாம்னுதானே உங்ககிட்ட வந்தோம்!" டாக்டர் கோபப்படவில்லை. பத்தில் எட்டு ஒன்பது குழந்தைக்கு இது தேவைப்படும், மூட்டைத் திறப்பது கிடையாது, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கத்தியால் ஒரு சின்னக் கீறல், சில நிமிஷம்தான், மூன்று வாரக் கட்டுக்குள் தசைநார் நீளமாகத் தானே வளர்ந்து சேர்ந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அப்படியே நடந்தது. அதனால் ஃபார்மில் ஒளிக்க வேண்டாம். பிறவியிலேயே பாதம் வளைந்திருந்தது, பொன்செட்டி முறையில் மாவுக்கட்டு, குதிகால் தசைநார் மட்டும் தளர்த்தப்பட்டது, மூட்டில் ஆபரேஷன் இல்லை. இப்படியே எழுது. பழைய சீட்டெல்லாம் அப்பா ஃபைலில் இருக்கிறது, ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு மூன்று மாதச் சங்கதி. கஷ்டம் அதற்குப் பிறகுதான். நடுவில் கம்பி, இரண்டு முனையிலும் ஒரு ஷூ, இடது ஷூ நன்றாக வெளியே திரும்பி, வலது ஷூ கொஞ்சம் குறைவாக. மூன்று மாதம் நாளில் 23 மணி நேரம் அதைப் போட வேண்டும். அப்புறம் நான்கு வயது வரை இரவிலும் பகல் தூக்கத்திலும். போடாவிட்டால் பாதம் பழையபடி திரும்பும், அவ்வளவுதான், இதில் பேரம் கிடையாது. முதல் ராத்திரிகளில் நீ அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிவிட்டார். "கால்தான் நேராயிடுச்சே, இன்னும் எதுக்குப் பிள்ளைய வதைக்கிற?" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டார். கம்பியோடு நீ சேலைத் தொட்டிலில் படுக்க முடியாது, இரண்டு பக்கமும் இடிக்கும். அப்பா ஆசாரியிடம் போய் நீளமான தொட்டில் கம்பு செய்துகொண்டு வந்தார். ஒரு வாரத்தில் நீயே இரண்டு காலையும் சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டாய். ராத்திரி தூக்கத்தில் அந்தக் கம்பி என் முழங்கால் எலும்பில் விழும்போது உயிர் போகும். நீ கேட்டதை எல்லாம் கொடுத்துக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கியவள் நான். ஷூ விஷயத்தில் மட்டும் ஒருநாளும் இறங்கிவரவில்லை. மூன்று வயதில் நீயே ஷூவை எடுத்துக்கொண்டு வந்து "தூங்கணும்" என்று காலை நீட்டுவாய்.

இன்றைக்கு இதெல்லாம் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாக நடக்கிறது. 2013இல் வந்த பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசுப் பரிசோதனைத் திட்டத்திலும் இது சேர்ந்திருக்கிறது. நம் பக்கத்தில் இப்படிக் குழந்தை பிறந்தால் யாராவது என்னைத் தேடி வருவார்கள். நான் சொல்வது கட்டைப் பற்றி அல்ல, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். ஷூவைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசுவேன்.

உன் இடது கெண்டைக்கால் கொஞ்சம் மெலிந்திருப்பதும், அந்தப் பாதம் சிறியதாக இருப்பதும் சிகிச்சையில் வந்த குறை இல்லை, அது அப்படியே இருக்கும். ஒரு பாதத்தில் மட்டும் இருந்தால் அப்படித்தான். ஷூ வாங்கும்போது வலது காலுக்கு அளவு எடு, இடது பக்கம் உள்ளே ஒரு மெல்லிய சோல் வைத்துக்கொள். விலை குறைந்தது என்று பார்க்காதே.

இன்னொன்று. உனக்கு வரன் பார்க்கும் பேச்சு வரும்போது இதை வாயே திறக்கக் கூடாது என்று பெரியம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது சம்மதம் இல்லை. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்கு மூன்று நான்கு வாய்ப்பு உண்டு என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அது அந்த வீட்டுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான். கேட்டுவிட்டு முகம் சுளிப்பவன் வீட்டில் நீ போய் வாழ வேண்டாம். இதில் அப்பாவும் என் பக்கம்தான், பெரியம்மாவிடம் சொல்லத்தான் அவருக்குத் தைரியம் இல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய், பஸ்ஸில் இருந்து வேண்டாம்.

அன்புடன்,
அம்மா
கோவில்பட்டி