சின்னவனுக்கு இரத்தம் எடுக்கும் முன்

அன்பு மகளுக்கு,

பெரியவனுக்கு டைப் 1 சீனி வியாதி வந்ததே, சின்னவனுக்கும் வருமா, தடுக்க என்ன செய்வது என்று நீ போனில் கேட்டதற்கு போனிலேயே பதில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் உன்னைத் தூங்க விடாத கேள்வி. அண்ணனுக்கு டைப் 1 வந்த வீட்டில் தம்பிக்கும் வருவதற்கான வாய்ப்பு 100க்கு 5 அல்லது 6. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பிள்ளைக்கு 1க்கும் குறைவு. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட 100 தம்பி தங்கைகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வருவதே இல்லை.

அடுத்தது, பெரியவனுக்கு வந்ததற்கு உன் கையில் காரணம் தேடாதே. தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டதால் இது வரவில்லை. தாத்தா பாட்டிக்கு வயதான பிறகு வந்த சீனி வியாதி வேறு, இது வேறு. உடம்பின் காவல் அணுக்களே சதையியில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதால் வருவது இது. பால்மா கொடுத்தேனே என்று அழுதாயாம். பசுப்பால் புரதத்தை உடைத்துச் செய்த விசேஷ பால்மாவை, குடும்பத்தில் டைப் 1 உள்ள 2159 கைக்குழந்தைகளிடம் 15 நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது: அதைக் குடித்தவர்களுக்கும் சாதாரண பால்மா குடித்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. கோதுமை ரொட்டியையும் ரஸ்க்கையும் ஒரு வயது வரை தள்ளிப்போட்டுப் பார்த்த ஆய்விலும் பலன் இல்லை. நிக்கோட்டினமைட் என்ற விற்றமினாலும், முன்கூட்டியே கொஞ்சம் இன்சுலின் ஊசி போட்டுப் பார்த்ததாலும் தடுக்க முடியவில்லை. தடுப்பூசிகளால் இது வருவதில்லை, ஒன்றையும் விட்டுவிடாதே. சீனி வியாதிக்குக் கைமருந்து என்று, கொத்தலஹிம்புட்டு மரக்கட்டைக் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கொடு, தெபு இலை சம்பல் கொடு என்று யாராவது சொல்வார்கள். சின்னவனுக்கு அதனால் பாதுகாப்பு கிடையாது. பெரியவனின் இன்சுலினை அதை நம்பிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படியென்றால் என்னதான் செய்வது என்பாய். நோயை வரவிடாமல் தடுக்கும் வழி இன்னும் இல்லை. வந்தால் பிள்ளை மயங்கி விழும் நிலைக்குப் போகாமல் தடுக்கும் வழி இருக்கிறது. பெரியவனை அந்த நிலையில்தானே தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்? சின்னவனுக்கு அது நடக்கவே கூடாது.

இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. வேரைப் புழு அரிக்கத் தொடங்கிய பிறகும் தேயிலைச் செடி கொஞ்ச காலம் கொழுந்து விடும் அல்லவா, அதுபோலத்தான். அரிப்பு தொடங்கியதை, அந்தக் காவல் அணுக்கள் உண்டாக்கி இரத்தத்தில் விடும் பிறபொருளெதிரிகள் காட்டிக்கொடுக்கும். ரிப்போர்ட்டில் அன்டிபொடி என்று இருக்கும். பார்க்க வேண்டிய அன்டிபொடிகள் நான்கு: இன்சுலின், ஜி.ஏ.டி., ஐ.ஏ.-2, சிங்க் டி-8. ஜி.ஏ.டி. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால் நம்பி இருந்துவிடாதே. சின்னப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இன்சுலின் அன்டிபொடிதான் முதலில் தலைகாட்டும். எது எதைப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி வை. பெரியவனுக்கு இந்தப் பரிசோதனை இனி வேண்டாம். ஊசி மருந்து போகிற உடம்பில் இன்சுலின் அன்டிபொடி எப்படியும் உண்டாகும்.

இரண்டு வயதில் ஒரு முறை, ஆறு வயதில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலானோரைக் கண்டுபிடித்துவிடலாம். சின்னவனுக்கு இரண்டு நெருங்குகிறது, இதுதான் சரியான சமயம். வெறும் வயிறு தேவையில்லை. பரம்பரை அலகைப் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனைக்குக் காசைச் செலவழிக்காதே என்பது என் அபிப்பிராயம். அந்த அலகு இருக்கிற பிள்ளைகளிலும் மிகப் பலருக்கு நோய் வருவதில்லை. அதே காசை அன்டிபொடிக்குக் கொடு.

முடிவை இப்படிப் படி. நான்கும் இல்லையென்றால் ஆறு வயது வரை நிம்மதி, அடையாளங்களை மட்டும் மறக்காதே. ஒன்று மட்டும் இருந்தால், இன்னொரு நாள் வேறு இரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளில் பத்து வருடத்துக்குள் நோய் வருவது 100க்கு 15 அளவில். சில பிள்ளைகளுக்கு அந்த ஒன்றும் பிறகு மறைந்துவிடும். இரண்டோ அதற்கு மேலோ உறுதியானால் பத்து வருடத்தில் 100க்கு 70. அதையும் தாண்டி வருடங்கள் போகப் போக அநேகமாக எல்லோருக்கும் வந்துவிடும். இரத்தத்தில் சீனி சரியாக இருந்தாலும் அதை நோயின் முதல் கட்டம் என்பார்கள். மூன்று வயதுக்குள் என்றால் 3 மாதத்துக்கு ஒரு முறையும், ஒன்பது வயது வரை 6 மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் சீனியும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199, அல்லது எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 என்று வந்தால் அது இரண்டாம் கட்டம். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு எச்.பி.ஏ.1.சி. கொஞ்சம் ஏற்றிக் காட்டும், அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பதறாதே.

டெப்லிசுமாப் என்ற மருந்தைப் பற்றி மாப்பிள்ளை எங்கோ படித்தாராம். உண்மைதான். 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 14 நாள் தொடர்ந்து நரம்பு வழியாக ஏற்றுவது. நோயைச் சராசரியாக இரண்டு வருடமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ தள்ளிப்போடும், முற்றாகத் தடுக்காது. அப்போது அந்த அனுமதி எட்டு வயதும் அதற்கு மேலும் ஆகி, இரண்டாம் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் கிடைத்தது. சின்னவனுக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

இனி எழுதுவதைத்தான் நீ மனப்பாடம் செய்ய வேண்டும். இத்தாலியில் பார்மா என்ற ஊரில் 1990களில் பள்ளிக்கூடங்களிலும் டொக்டர்மாரின் அறைகளிலும் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். பிள்ளை வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறதா, அடிக்கடி ஒன்னுக்குப் போகிறதா, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பி வந்திருக்கிறதா, அவ்வளவுதான் அதில் இருந்தது. அதற்கு முன் நோய் கண்டுபிடிக்கப்படும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறி வந்த பிள்ளைகள் 100க்கு 78. பிறகு அது 12.5 ஆனது. இதில் அந்தக் காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நீயும் ஒன்றை எழுதி உங்கள் தோட்டத்தில் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஒட்டச் சொல்.

நம் மலைநாட்டில் இந்த அடையாளங்கள் தப்பிப்போவதற்கு வழி நிறைய. 'குளிருக்கு ஒன்னுக்குப் போகத்தானே செய்யும்' என்பார்கள். குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும். பனிக்காலத்தில் இரவில் எழுந்து தண்ணீர் கேட்கிற பிள்ளையை அலட்சியம் செய்யவே கூடாது. மெலிந்தால் பூச்சி மருந்து கொடுப்பார்கள். வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். ஆழமாக வேகமாக மூச்சு வாங்கினால் நெஞ்சுச்சளி, வீசிங் என்பார்கள். அதற்கு ஸ்டெரொய்ட் கொடுத்தால் சீனி இன்னும் ஏறும். அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாடை இருந்தால் உடம்பில் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சின்னவன் இன்னும் நெப்பி கட்டுகிறவன். நெப்பி கல் மாதிரி கனத்தாலோ, வெள்ளை படிந்த புண் மருந்து பூசியும் ஆறாவிட்டாலோ, ஒன்னுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தாலோ, கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு கீழே இறங்கினாலோ அன்றே சீனி பார்.

பெரியவனின் மீட்டரிலேயே பார்க்கலாம், ஊசி மட்டும் புதியது. சின்னவனின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடை. விரலில் வாழைப்பழமோ பாணியோ ஒட்டியிருந்தால் பொய்யாக 200, 300 காட்டும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்து. ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதித் திகதியைப் பார், மூடியைத் திறந்து வைக்காதே, மலை ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். அடையாளமும் இருந்து 200க்கு மேலும் காட்டினால் அன்றே ஆஸ்பத்திரி. 'நாளைக்கு வெறும் வயிற்றில் பார்ப்போம்' என்று யார் சொன்னாலும் கேட்காதே. பிள்ளைகளில் ஒரு இரவுக்குள் நிலைமை தலைகீழாகும். எண்ணுக்குப் பதில் 'ஹை' என்ற எழுத்து வந்தால் அளவுக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அடையாளம் எதுவும் இல்லாமல் காய்ச்சலில் ஒரு தடவை 150, 160 காட்டினால் காய்ச்சலாலும் ஏறியிருக்கலாம். அன்றே டொக்டரிடம் சொல்லிவிட்டு, சுகமானதும் மறுபடி பார். சும்மா இருக்கிற பிள்ளையைத் தினமும் குத்திக்கொண்டிருக்காதே.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தண்ணீர் கேட்டால் வெறும் தண்ணீர் கொடு. களைத்துவிட்டான் என்று குளுக்கோஸ் கரைத்தோ சோடாவோ கொடுக்காதே. பெரியவனின் இன்சுலினை எடுத்து நீயே போட்டுவிடாதே, எவ்வளவு என்று உனக்குத் தெரியாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். உங்கள் டிவிஷனுக்கு ஏறும் பாதை சரியில்லை என்றால் பிள்ளையைச் சந்தி வரை கொண்டுவந்து நில்லுங்கள். வாசலிலேயே 'அண்ணனுக்கு டைப் 1, இவனுக்கு இந்த எண் காட்டியது' என்று சொல். அந்த ஒரு வசனம் உங்களை வரிசையில் காக்க வைக்காது.

இரத்தம் எடுக்கும் நாளை முடிவு செய்ததும் எனக்குச் சொல், பெரியவனைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன். ரிப்போர்ட் வந்ததும் 'பொசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று மட்டும் சொல்லாமல், நான்கு பெயர்களையும் எண்களையும் பக்கத்தில் இருக்கும் வழமையான அளவுகளையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா