குப்பைத் தொட்டியிலிருந்து பின்னூட்டங்களை மீட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கடந்த ஆடி மாதம் முழுவதும் என் வலைப்பூவின் பின்னூட்டப் பெட்டி எரிதங்களால், அதாவது வேண்டாத விளம்பரக் குப்பைகளால், நிரம்பி வழிந்தபோது, அதைத் துப்புரவு செய்யக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

அப்பாவின் மறைவைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழே, "அருமையான தகவல், மிகவும் பயனுள்ளது" என்று ஒரு வரியும், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு மாத்திரைக் கடையின் முகவரியும் கிடந்ததை முதலில் கண்டு சொன்னவர் என் பெரியம்மா மகள். அக்கா, அன்று நீங்கள் தொலைபேசியில் அழைத்திராவிட்டால் அது இன்னும் எத்தனை நாள் அங்கேயே இருந்திருக்குமோ தெரியாது. வாசலுக்கு வந்தவரை நிறுத்திப் பெயர் கேட்பது போன்ற செயல் என்றெண்ணி, பின்னூட்டங்களைப் படித்துப் பார்த்தபின் வெளியிடும் மட்டுறுத்தலை அதுவரை நான் தவிர்த்தே வந்திருந்தேன்.

இரண்டு இரவுகள் கண் விழித்துத் தளத்தைச் சீர்செய்த நிரலாளர் நண்பருக்கு என் தனி நன்றி. எரிதம் இடுபவருக்கு வாசகர் தேவையில்லை, தம் கடைக்கு ஒரு சுட்டி (இணைப்பு) கிடைத்துத் தேடுபொறியில் மேலேறினால் போதும் என்பதை அவர்தான் விளக்கினார். அந்தக் கணக்கைக் குலைப்பதற்காக 2005 ஜனவரியிலேயே கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகிய மூன்று தேடுபொறிகளும் 'நோஃபாலோ' என்னும் குறியை ஏற்றுக்கொண்டன; அக்குறி உள்ள சுட்டிக்குத் தரவரிசையில் மதிப்பில்லை என்பதே அன்றைய ஏற்பாடு. ஆயினும் ஆயிரம் தளங்களில் இடுவதற்கு இயந்திரத்துக்குப் பெரிய செலவில்லையாதலால், பலன் உண்டா என்று பாராமலே அது இட்டுக்கொண்டிருக்கிறது. நண்பர் எரிதங்களைப் பிரித்தெடுக்கும் அகிஸ்மெட் வடிகட்டியை நிறுவியதோடு, மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தையும் படிவத்தில் ஒளித்துவைத்தார். கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பும் இயந்திரம் அதையும் நிரப்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எலிப்பொறியில் வைக்கும் மசால்வடைதான், வேறொன்றுமில்லை.

அதன்பின் நேர்ந்த பிழை என்னுடையது. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாத பின்னூட்டங்களைக் குப்பைத் தொட்டிக்குத் தள்ளிவிடும்படி நானாகவே ஒரு விதியைச் சேர்த்தேன். ரஷ்ய எழுத்துகளில் வந்தவை உடனே நின்றுபோக, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யும் வாசகர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கவில்லை. பள்ளியில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மூன்று முறை எழுதி, மூன்றும் காணாமல்போகவே, "தம்பி, நான் எழுதினதுல ஏதும் தப்பா?" என்று தயக்கத்துடன் அழைத்துக் கேட்டபோதுதான் விவரம் புரிந்தது.

தொட்டியில் கிடந்தவற்றை வார இறுதிகளில் ஒவ்வொன்றாகப் படித்து, உண்மையான 41 பின்னூட்டங்களைப் பொறுக்கியெடுத்துத் தந்த கல்லூரி மாணவியர் இருவருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். வடிகட்டிகள் எதுவும் செய்ய முடியாத வேலை அது. கூலி பேச முற்பட்டபோது, பருத்திப்பால் வாங்கித் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்த விதியை நீக்கிவிட்டேன். முன்பு ஒருமுறை ஏற்கப்பட்டவரின் பின்னூட்டம் காத்திருக்காமல் வெளியாகும். ஓராண்டு கடந்த பதிவுகளில் பெட்டி மூடப்பட்டிருக்கும். அப்பாவைப் பற்றிய பதிவு மட்டும் திறந்தே இருக்கிறது; அதற்கு வருபவற்றை நானே படித்து வெளியிடுகிறேன். சார், உங்களுடைய மூன்றும் அங்கே இருக்கின்றன.

நன்றியுடன்,
உங்கள் வலைப்பதிவன்