கட்டம் எதுவும் காலியா இருக்கக் கூடாது

அம்மிணிக்கு,

அப்பா எழுதறது. உங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலை. வாய்க்கால்ல தண்ணி வந்து கடலைக்கு ஒரு தண்ணி பாய்ச்சியாச்சு. மத்த சேதியெல்லாம் போன்ல பேசிக்கலாம், நீ எடுத்தீன்னா.

ஈரோட்டுப் பாராளுமன்றத் தொகுதிக்கு உன் பேரு அடிபடுதுன்னு பேப்பரைப் பாத்துத்தான் எங்களுக்கே தெரியும். இருக்கட்டும். டாக்டருக்கு எதுக்கு அரசியல்னு கேக்கறவங்களுக்கு நானே பதில் சொல்லிக்கறேன். பி.சி.ராய் 1948ல இருந்து 1962 வரைக்கும் மேற்கு வங்காளத்துக்கு முதலமைச்சர். அப்பவும் காலையில காசு வாங்காம நோயாளி பாத்தவர். நீயும் அந்த ரகந்தான்.

மொதல்ல சர்க்கார் வேலையை ராஜினாமா பண்ணு. லீவு போட்டுட்டு நிக்கலாம்னு எவனாவது சொன்னா காதுல வாங்காதே. சர்க்கார் சம்பளத்துல இருக்கறவங்க வேட்பு மனு பரிசீலனையிலயே அடிபட்டுப் போகும். லெட்டர் குடுத்தா மட்டும் பத்தாது, ஏத்துக்கிட்டாங்கன்னு ஆர்டர் கைக்கு வரணும். மேற்படிப்புக்கு எழுதிக் குடுத்த ஒப்பந்தம் (பாண்டு) பாக்கி இருந்தாலோ, பழைய விசாரணை ஏதாவது முடியாம கெடந்தாலோ ஃபைல் அங்கியே தூங்கும். அதனால இன்னைக்கே நேர்ல போய்ப் பாரு.

அப்பறம் படிவம் 26, மனுவோட குடுக்கற சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். பெரிய பெரிய ஆளுக மாட்டறது இதுலதான். ஒரு கட்டங்கூடக் காலியா இருக்கக் கூடாது. இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுது, கோடு போட்டு வுடாதே. காலியா வுட்டு, நோட்டீஸ் குடுத்தும் நிரப்பலைன்னா மனுவைத் தள்ளலாம்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. கடைசி பத்து வருசத்துல சர்க்கார் குவார்ட்டர்ஸ்ல இருந்திருந்தா வாடகை, கரண்ட், தண்ணி, போன் நாலுக்கும் பாக்கி இல்லைன்னு சான்று வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்துக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது மீட்டரைக் கணக்கு முடிச்சியா? முடிச்சிருக்க மாட்டே.

அதுல வாழ்க்கைத் துணைக்குன்னு தனிக் கட்டம் இருக்குது. மாப்பிள்ளையோட பான் நம்பர், கடைசி அஞ்சு வருசம் காட்டின வருமானம், கையிருப்பு, பேங்க், நகை, நிலம், கடன், அத்தனையும் எழுதணும். உனக்குத் தெரிஞ்சதை வெச்சு நீயா நிரப்பிடாதே. ரெண்டு பேரும் ஒரு மேசையில உக்காந்து நிரப்பணும். போன நோம்பிக்கும் நீ ஒருத்திதான் வந்தே, நாங்க ஒண்ணுங் கேக்கலை. இப்பவும் கேக்கலை. ஆனா அந்தக் கட்டம் காலியா இருக்கக் கூடாது.

டெபாசிட் 25,000, ரொக்கமா இல்லைன்னா கருவூலச் செலான், செக் எடுக்க மாட்டாங்க. நம்ம மோடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில 1996ல 1,033 பேரு நின்னாங்களே, அந்தக் காலத்துல பாராளுமன்றத்துக்கே 500 ரூபாதான். செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கினாத்தான் திரும்பி வரும். நீதான் வேட்பாளர்னு கட்சி குடுக்கற ஏ, பி படிவம் ரெண்டும் கடைசி நாள் மத்தியானம் மூணு மணிக்குள்ள, மையில போட்ட கையெழுத்தோட போய்ச் சேரணும். உன் ஓட்டு சென்னையில இருக்கறதால அங்கத்த வாக்காளர் பட்டியல் சான்று நகல் வாங்கிக்க. மனு குடுத்த கையோட உறுதிமொழி எடுத்துடு. அதை மறந்துட்டு ஊட்டுக்குப் போனவங்க உண்டு, பரிசீலனை நாளன்னைக்கு எடுத்தாச் செல்லாது.

பணம். மனுவுக்கு மொத நாளாவது தனியா ஒரு பேங்க் கணக்கு தொறந்திரு. செலவு உச்சவரம்பு 95 லட்சம், ஒரு ஆளுக்கு 10,000க்கு மேல ரொக்கமாக் குடுக்காதே. கணக்குப் புத்தகத்துல வெள்ளைத் தாள் அன்னாடச் செலவு, ரோஸ் ரொக்கம், மஞ்சள் பேங்க். அன்னன்னிக்கு ராத்திரியே எழுதணும். கிளினிக் கணக்கை நீ எழுதின லட்சணம் எனக்குத் தெரியும், அதனால ஒரு ஆளை வெச்சுக்க. முடிவு வந்து 30 நாளைக்குள்ள கணக்குக் குடுக்கலைன்னா மூணு வருசம் நிக்க முடியாமப் பண்ணிடுவாங்க, ஜெயிச்சாலுஞ் சரி தோத்தாலுஞ் சரி. தேர்தல் அறிவிச்சப்பறம் இலவச மருத்துவ முகாம்னு எவன் கூப்பிட்டாலும் போகாதே. அது ஓட்டுக்குக் குடுத்த லஞ்சம்னு கேஸ் ஆயிடும்.

தோட்டத்துப் பத்திரம் வேணும்னா கேளு, தர்றேன். அதுல வாங்கற பணத்தைக் கடன்னு காட்டிடு. மாப்பிள்ளை பேருல கடன் ஏதாவது இருந்தா அதையும் மறைக்காதே, இப்பவே சொல்லிடு.

மனு குடுக்க உள்ள உன்னோட சேத்து அஞ்சு பேருதான். அதுல மாப்பிள்ளை இருக்கணும்னு உங்கம்மா சொல்றா. கட்சிக்காரங்க இடம் இல்லைன்னா என்னைக் கழிச்சுடு. படிவம் 26 நகல் ரெண்டு கூரியர்ல அனுப்பியிருக்கேன், ஒண்ணு பென்சில்ல நிரப்பிப் பாக்க. பென்சில்ல எழுதினதைப் படம் புடிச்சு அனுப்பு. மாப்பிள்ளை அனுப்பினாலுஞ் சரி, அவரு நம்பர் என்கிட்ட இன்னும் அப்படியேதான் இருக்குது.

அப்பா