இரும்புக்கும் பலகைக்கும் ஒரே வெப்பநிலை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் இப்போது வெப்பம் பரவும் விதங்கள் பற்றிய பாடம் நடக்கிறது. போன வாரம் அந்த வகுப்பில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். கடத்தல் (பொருளின் வழியாகவே சூடு பரவுவது), சலனம் (காற்றோ நீரோ நகர்ந்து சூட்டைச் சுமப்பது), கதிர்வீச்சு (இடையில் பொருளே இல்லாமல் சூடு வருவது) என்று மூன்றையும் விளக்கச் சொன்னால் கை தூக்காத பிள்ளை இல்லை. அப்புறம் ஆசிரியர் ஒரு சின்ன வேலை கொடுத்தார். ஒரு உள்ளங்கையை மேசைப் பலகையிலும் இன்னொன்றை மேசையின் இரும்புக் காலிலும் வைக்கச் சொன்னார்.

எது அதிகக் குளிர்ச்சி? "இரும்பு!" என்றது வகுப்பு முழுவதும். வெப்பமானியை இரண்டின் மேலும் ஒட்டிவைத்துப் பார்த்தோம். இரண்டிலும் 24 டிகிரி செல்சியஸ். பிள்ளைகள் நம்பவில்லை; வெப்பமானி கெட்டுவிட்டது என்றார்கள். ஒரு மாணவி மட்டும் பலகையையும் இரும்பையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ என் கையில் இருக்கிற சூடுதான் இரும்புக்குப் போகுதா, சார்?" என்று கேட்டாள்.

அதேதான். நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 டிகிரி. இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று இழுத்துக் கடத்திவிடுகிறது, மரம் அப்படிச் செய்வதில்லை. மனப்பாடம் செய்த வரிகளைவிட அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிதாகப்பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்து, ஒன்றைத் தட்டில் அப்படியே வையுங்கள். மற்றதைக் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். கம்பளி சூடு தரும், அதனால் சுற்றி வைத்ததுதான் என்று பெரும்பாலும் பதில் வரும். பெரியவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் திறந்து கிடப்பதுதான் முதலில் உருகும். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்குள் அடைபட்ட காற்று, சூடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதைத் தாமதப்படுத்துகிறது. நம்மைப் போர்த்தினால் உடம்பின் சூடு சட்டென்று வெளியே போகாது; ஐஸைப் போர்த்தினால் வெளிச்சூடு சட்டென்று உள்ளே வராது.

சலனத்துக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஏசியை ஏன் சுவரின் உச்சியில் மாட்டுகிறார்கள், அறை ஹீட்டரை ஏன் தரையில் வைக்கிறார்கள் என்று கேளுங்கள், போதும். சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

கதிர்வீச்சுக்கு வெயில் இருக்கிறது. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடையில் பெரும்பாலும் வெற்றிடம். சூட்டைக் கடத்தவோ சுமந்து வரவோ அங்கே பொருள் இல்லை. ஆனாலும் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சூரியனின் சூடு நம் முகத்துக்கு வந்துவிடுகிறது. வெயிலில் நிற்கும்போது முகத்துக்கு நேரே ஒரு நோட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். சுற்றியிருக்கும் காற்று மாறவில்லை, ஆனால் சூடு அந்த நொடியே குறைந்துவிடும்.

மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டுமானால் ஃபிளாஸ்க்கை எடுத்துக் கையில் கொடுங்கள். 1892-ல் விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் உருவாக்கிய வடிவம்தான் அடிப்படை. இரட்டைச் சுவருக்கு நடுவே ஏன் வெற்றிடம், உள்ளே ஏன் பளபளப்பு, மூடி எதற்கு? பதில் உடனே வராவிட்டால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், ஒரு நாள் யோசிக்கட்டும்.

ஒரு வேண்டுகோள்: கொதிநீர், அடுப்பு, மெழுகுவர்த்தி இவற்றைக் கொண்டு பிள்ளைகள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். மேலே சொன்னவற்றுக்கு நெருப்பே தேவையில்லை.

ஐஸ் கட்டிச் சோதனையில் முதலில் என்ன நினைத்தார்கள், பிறகு என்ன நடந்தது என்று இரண்டையும் பிள்ளைகள் நோட்டில் எழுதி வெள்ளிக்கிழமை கொண்டுவரட்டும். முதலில் நினைத்தது தப்பாக இருந்தாலும் அழிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்கப் போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்