உறையூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி படித்ததும் வீட்டில் கேசரி கிண்டிவிட்டார்கள். குழந்தையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஓய்வுப் பணத்தில் அந்த உறையூர் வீட்டை வாங்கி, பழுது பார்த்து விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாம்பரத்தில் நான் செய்ததன் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

ஃப்ளாட்டின் விலை 40 லட்சம். அப்போது (2023-க்கு முன்) முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். அதிலேயே 4 லட்சத்து 40 ஆயிரம் போனது. புரோக்கருக்கு 40 ஆயிரம். குளியலறைக் கசிவு, வயரிங், டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 5 லட்சம். ஒன்பது மாதம் கழித்து 56 லட்சத்துக்கு விற்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் 16 லட்சம் லாபம் என்றார்கள். மேலே சொன்ன செலவுகளோடு வங்கி வட்டி 1 லட்சத்து 35 ஆயிரம், விற்றபோது புரோக்கருக்கு 56 ஆயிரம் போக, நின்றது 4 லட்சத்துச் சொச்சம். வாங்கி 24 மாதத்துக்குள் விற்றதால் அதுவும் என் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அந்த விகிதத்திலேயே வரி கட்ட வேண்டியதாயிற்று.

அந்த 4 லட்சமும் வாங்கும்போதே வந்ததுதான். விற்றவர்களுக்கு அவசரம், அதனால் 44 போகிற வீடு 40க்குக் கிடைத்தது. 44 கொடுத்திருந்தால், டைல்ஸ் எவ்வளவு பளபளத்தாலும் நஷ்டம்தான்.

உறையூர் வீடு மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை, என்கிறாய். உத்தரம் உளுத்திருந்தால் உன் 6 லட்ச மதிப்பீடு கூரைக்கே காணாது. சுவரில் ஓதம் இருந்தால் பெயிண்ட் அடித்து மறைக்காதே. ஒரு மழைக்காலத்தில் வெளியே வந்துவிடும், வாங்குகிறவரும் நம்மைப் போல் சேமித்தவர்தானே. அப்புறம், வீடு விற்கிறவர்களின் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது, அண்ணன் தம்பி இருவரும் விலை பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். உயில் இல்லையென்றால் அவர்கள் அம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழைப் பார், எல்லாரும் கையெழுத்துப் போட வருவார்களா என்று நேரிலேயே கேள். தாய்ப் பத்திரமும் (வீடு முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்) 30 வருட வில்லங்கச் சான்றும் வக்கீல் பார்க்கட்டும்.

வரும் ஞாயிறு காலை நான் திருச்சிக்கு வருகிறேன். பழைய கூரை வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை ஏற்பாடு செய்து வை. நாமும் ஏணி போட்டு ஏறிப் பார்ப்போம். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
ராஜு