மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

வெள்ளவத்தை

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் சைட்டில் இருந்து போன் வரும், எழும்பி ஓடிவிடுவேன். ரொறன்ரோக் குளிரில் வீட்டைச் சூடாக்கியே சம்பளம் கரைகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே வீட்டைச் சூடாக்காமல் விடுவது எப்படி என்றுதான் நானும் தம்பியும் சண்டை பிடிக்கிறோம்.

அப்பாவுக்குப் பிறகு கொம்பனி என் தலையில் விழுந்தது உனக்குத் தெரியும். இப்போது கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஏழு மாடி எழுப்புகிறோம். கடலைப் பார்த்த முகப்பு முழுவதும் கண்ணாடியாக வேண்டும் என்று தம்பி நிற்கிறான். கடல் தெரியும் வீடுதான் முதலில் விற்கும். அது பொய்யில்லை, எங்கள் கணக்குப் புத்தகமே சொல்லும். ஆனால் வெள்ளவத்தையில் கடல் இருப்பது மேற்கே. கொழும்பு பூமத்திய ரேகைக்கு ஏழு பாகைதான் வடக்கே. மதிய வெயில் உச்சந்தலைக்கு மேலே நிற்கும், அதைக் கூரை பார்த்துக்கொள்ளும். வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சின்ன நிழல் போதும். பின்னேரம் சரிந்து வருகிற வெயில்தான் கேட்காமல் வீட்டுக்குள் நுழைகிறது.

நான் கொம்பனிக்கு வந்த புதிதில் கட்டிய தொடர்மாடி ஞாபகமா? பால் காய்ச்சிய அன்று நீயும் வந்து வடை சாப்பிட்டாய். போன ஏப்ரலில் அங்கே நான்காம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், தண்ணீர் கசிகிறது என்று கூப்பிட்டார். மூன்று மணி இருக்கும். கண்ணாடியில் வெள்ளித்தாள் ஒட்டி, அதற்கு மேல் தடித்த திரையும் இழுத்து, பகலிலேயே லைட் எரிகிறது, ஏசி ஓடுகிறது. "கடலுக்குத்தானே ரீச்சர் காசு கொடுத்தீர்கள்?" என்றேன். "கடல் ஆறு மணிக்குப் பிறகுதான் மகன்" என்றார். கசிவைப் பார்க்காமலே இறங்கி வந்துவிட்டேன். (அடுத்த நாள் ஆள் அனுப்பினேன், பயப்படாதே.)

அதனால் இந்த முறை கண்ணாடியை நாலடி உள்ளே தள்ளி, முன்னால் பல்கனியும் இழுத்து மூடும் மரத் தட்டியும் வைத்திருக்கிறேன். மேலே நீட்டிவிடும் நிழற்தட்டு ஐந்து மணி வெயிலுக்கு உதவாது, அதற்குக் கீழாலேயே வந்துவிடும். நடுவில் நிலத்திலிருந்து மொட்டைமாடி வரை, எட்டுக்குப் பத்தடி, திறந்த முற்றம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கித் தனக்குக் கட்டிய வீட்டில் வெளிச்சமும் காற்றும் இறங்குவது இப்படித்தான். ஊரில் உன் அம்மம்மாவின் நாற்சார் வீட்டிலும் அதேதான். தம்பி கல்குலேட்டரை எடுத்தான்: மாடிக்கு 80 சதுர அடி, ஏழு மாடிக்கு 560. "ஒரு சின்ன வீட்டையே காற்றுக்கு எழுதிக் கொடுக்கிறாய் அண்ணா" என்றான். சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

கூரை மழைத் தண்ணீரைத் தாங்கியில் சேர்ப்பதற்கு அவன் மறுப்புச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை. 250 சதுர மீற்றர் கூரையில் விழுவது ஆறு இலட்சம் லீட்டர். அதைச் சேமிக்க வேண்டும் என்று 2007இல் சட்டமே வந்துவிட்டது. சிலர் அனுமதிக்காக ஒரு தாங்கியைக் கட்டிவிட்டு, டெங்குப் பயத்தில் காயவிடுகிறார்கள். வலை போட்டு இறுக்கி மூட எவ்வளவு காசு போகப் போகிறது?

சீமெந்து விஷயத்தில் மட்டும் என்னைப் பெரிய ஆளாக நினைக்காதே. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருந்தே கரியமிலவாயு வருகிறது என்று எப்போதோ தெரியும். 2022இல் பை 3000 ரூபாவைத் தொட்ட பிறகுதான், எந்தத் தூண் தேவைக்கு மேல் பருமன் என்று எஞ்சினியரோடு உட்கார்ந்தேன். அப்பா என்றால் வெறும் பையையும் உதறி எடுத்திருப்பார், சூழலை நினைத்தல்ல, காசை நினைத்து.

அப்புறம், கோட்டேப் பக்கம் ஒரு பள்ளக்காணி மலிவாக வந்தது. சதுப்பு. 2010 நவம்பரில் அந்தப் பக்கம் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்ற பெயரும் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மண் நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. "நாங்கள் வாங்காவிட்டால் வேறு ஒருவன் வாங்குவான்" என்றான் தம்பி. சரியாகத்தான் சொன்னான். இப்போது அங்கே மதில் எழும்பிவிட்டது, லொறி லொறியாக மண் போகிறது. வேண்டாம் என்று சொன்னதில் தண்ணீருக்கு ஒரு லாபமும் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கண்ணாடிச் சண்டை இப்படி முடிந்திருக்கிறது: மூன்றாம் மாடியை முதலில் முடித்து, வாங்க வருபவர்களைப் பின்னேரம் நாலு மணிக்குத்தான் காட்டுவது, ஏசி போடாமல். ஒருவரும் வாங்காவிட்டால் மேல் மாடிகளை அவன் விருப்பப்படி மாற்றுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ ஏப்ரலில் வருவதாகச் சொன்னாயே, முதல் ஆளாக உன்னை உட்காரவைக்கிறேன். சுவருக்கு நேரே பிடித்தால் சூடு காட்டுமே, போன தடவை நீ வைத்திருந்த அந்தச் சின்னக் கருவி, அதை மறக்காமல் கொண்டு வா. தம்பி என் வாயை நம்பமாட்டான்.

அன்புடன்,
உன் கடைசி வாங்குக் கூட்டாளி