இனி மேட்ச்சே ஆடமாட்டேன் என்றாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு மாதம் கோச்சுக்குப் பணம் கட்டி டேபிள் டென்னிஸ் பழகியும், அபார்ட்மெண்ட் போட்டியில் அறுபது வயது அங்கிள் ஒருவர் நின்ற இடத்தைவிட்டு நகராமல் உன்னை மூன்றே கேமில் முடித்துவிட்டார் என்றாய். "ஸ்ட்ரோக் எல்லாம் சரியாகும்வரை டிரில் மட்டும்தான், இனி மேட்ச்சே ஆடமாட்டேன்" என்றும் சொன்னாய். இதே வீம்பை நான் 1986-லேயே பிடித்துப் பார்த்தாயிற்று.

பேங்கில் சேர்ந்த புதிது. ரிக்ரியேஷன் கிளப்பில் ஒரே ஒரு போர்டு. நானும் என்னோடு சேர்ந்த இன்னொரு கிளார்க்கும் காலை ஆறரைக்கே போய்விடுவோம். ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கத்து அடி), குறுக்காக, எண்ணிக்கொண்டே அடிப்போம். நூறைத் தாண்டினால் அன்று டிபன் அவன் செலவு. சாயங்காலம் எல்லோரும் மேட்ச் ஆடும்போது நாங்கள் சேர்வதில்லை. 'கை கெட்டுப்போகும்' என்று நினைப்பு. எட்டு மாதம் இப்படியே போயிற்று.

அப்புறம் கிளைகளுக்கு இடையே போட்டி வந்தது. எனக்கு எதிரே ஒரு ஹெட் கேஷியர், வேட்டியை மடித்துக் கட்டினவர். அப்போதெல்லாம் ஒரு கேம் 21 பாயிண்ட், ஆளுக்கு ஐந்து சர்வ். முதல் கேமில் நான் எடுத்தது 9. நாங்கள் எண்ணி எண்ணி அடித்த அந்தப் பந்து அவரிடமிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. சர்வ் நெட்டை ஒட்டிக் குட்டையாக விழும். தொட்டால் நெட்டில் மாட்டும், தூக்கினால் அவருக்கு லட்டு மாதிரி எழும். எங்கள் நூறு அடியும் நானும் அவனும் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உபகாரம் என்பது அன்றுதான் புரிந்தது. அடிக்கத் தோதாக அவன் கொடுப்பான், நானும் அப்படியே திருப்பிக் கொடுப்பேன். போட்டியில் எவன் கொடுப்பான்?

உன் கோச் கொடுத்திருக்கும் அந்த ஃபால்கன்பெர்க் பயிற்சியையே எடுத்துக்கொள். பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்கத்து அடி), அங்கேயே சுற்றி வந்து ஒரு ஃபோர்ஹேண்ட், உடனே மறு மூலைக்கு ஓடி இன்னொரு ஃபோர்ஹேண்ட். ஸ்வீடனில் அந்த ஊர் கிளப்பிலிருந்து வந்தது, பெயரும் அதனால்தான். 1971 உலக சாம்பியன் ஸ்டெல்லன் பெங்ட்சன் அந்த கிளப்காரர். காலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று பந்தும் எங்கே வரும் என்று உனக்கு முன்னாலேயே தெரியும். கால் பழகும், கண் பழகாது. கோச்சிடம் இரண்டு மாற்றம் கேள். முதல் பந்தை நீ சர்வ் போட்டே ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது பந்தை அவர் இஷ்டப்பட்ட பக்கம் போடட்டும். முதல் வாரம் கேவலமாக இருக்கும். பரவாயில்லை, மேட்ச்சிலும் அப்படித்தான் வருகிறது.

அந்த அங்கிள் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதைப் பார்த்தால் அவர் பேட்டின் ஒரு பக்கம் நீளமான பிம்பிள்ஸ் (முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும்) ரப்பர். அதில் சூட்சுமம் ஒன்றுதான். அந்த ரப்பர் தானாகச் சுழற்சி அதிகம் கொடுக்காது, நீ கொடுத்ததையே உன்னிடம் திருப்பி அனுப்பும். நீ பலமாக டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) போட்டால் அது பேக்ஸ்பின்னாக (பின்னோக்கிய சுழற்சியாக) வந்து இறங்கும். அதையே மறுபடி அடித்தாய், நெட்டில் மாட்டினாய். அதற்குப் பதில் பந்தின் அடியில் தேய்த்து மெதுவாகப் புஷ் செய்து பார். அவரிடமிருந்து சுழற்சி இல்லாமல் மிதந்து வரும், அதை அடி. எந்த நிறப் பக்கத்தில் அடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு நிறம் என்று விதி வைத்திருப்பதே இதற்குத்தான். ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்கவும் விதியில் இடமுண்டு. நீ கேட்டிருக்க மாட்டாய், கூச்சம். இதை எந்த டிரில்லும் உனக்குச் சொல்லியிருக்காது. தோற்றதால் தெரிந்தது.

இதைக் கேட்டுவிட்டு இனி மேட்ச் மட்டும் என்று கிளம்பிவிடாதே. உன்னைத் தெரியும். அந்தக் கூத்தும் எங்கள் கிளப்பில் நடந்தது. ஜெயித்தவர் நிற்பார், தோற்றவர் பெஞ்சுக்குப் போவார் என்பது அங்கே வழக்கம். எட்டுப் பேர் காத்திருந்தால், தோற்றவனுக்கு அடுத்த முறை வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். பெஞ்சுக்குப் பயந்தே யாரும் புதிதாக எதையும் போட்டுப் பார்ப்பதில்லை. இருபது வருஷமாக அதே சர்வ், பேட்டை வைத்துத் தடுக்கும் அதே பிளாக். என் பேக்ஹேண்ட் இன்றைக்கும் வெறும் தட்டலாக இருப்பதற்கு அந்த பெஞ்சுதான் காரணம். (அம்மாவைக் கேட்டால் சோம்பேறித்தனம் என்பாள்.) 2001-ல் கேமை 11 பாயிண்டாகக் குறைத்து, சர்வையும் இரண்டிரண்டாக்கிய பிறகு இன்னும் மோசம். 21 இருந்தபோது நாலு பாயிண்ட் பரிசோதனைக்குப் போனாலும் தேற்றிக்கொள்ளலாம். இப்போது நாலு போனால் கேமே போன மாதிரிதான்.

அதனால் சும்மா ஆடுவதற்கென்று நேரம் வை. பாயிண்டே எண்ணாமல், பேசிச் சிரித்துக்கொண்டு ஆடுவதைத்தான் சொல்கிறேன். புதிய பேக்ஹேண்ட் லூப்பை (டாப்ஸ்பின் ஏற்றி அடிப்பது) அங்கே வெட்கமில்லாமல் போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் பழகினதும் பாதி மேட்ச்சாக ஆடு. 8-8-லிருந்து தொடங்குங்கள். அல்லது கெட்டிக்காரர் ஐந்து பாயிண்ட் விட்டுக்கொடுக்கட்டும். படபடப்பும் இருக்கும், தோற்றாலும் பெரிதாக ஒன்றும் போகாது.

வாரத்துக்கு மூன்று நாள் போகிறாய் என்றாய். கோச் நாளை அப்படியே விடு. இன்னொரு நாள் சும்மா ஆடு, அதில் கடைசி அரை மணி 8-8 கேம். ஞாயிறன்று மேட்ச் மட்டும், யார் வந்தாலும் சரி. மேட்ச் முடிந்ததும் எந்தப் பந்தில் பாயிண்ட் போயிற்று என்று இரண்டு வரி எழுதி, அதைக் கோச்சிடம் காட்டு. அடுத்த வாரம் என்ன டிரில் என்று அதை வைத்து முடிவு செய்யட்டும். ஆபீசில் வேலை நெருக்கும் வாரத்தில் ஒரே நாள்தான் கிடைத்தால் சும்மா ஆடும் நாளை வைத்துக்கொள், மற்ற இரண்டையும் விட்டுவிடு. நீ ஆடப் போனதே அந்த கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கத்தானே.

பொங்கலுக்கு வரும்போது பேட்டை எடுத்து வா. மூன்று ஸ்டார் தரத்துப் பந்து ஒரு டப்பாவும் வாங்கி வா. இங்கே கடையில் கிடைப்பது கோணலாகத் துள்ளுகிறது. நீதான் எனக்கு ஐந்து பாயிண்ட் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆறு கேட்கலாமா என்று அம்மா யோசனை சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா